நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒரு நிமிடம்கூடத் தாங்காது, இருமிக்கொண்டு அணைந்துவிடும். இப்படி மூன்று நாள். மூன்று நாளும் அவர் காலையில் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கவலையாக இருந்தது என்று சொன்னால் அது பொய். கவலைப்படுவது, பயப்படுவது எல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று. காலைக் கஞ்சி உள்ளே போகாவிட்டால் மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க முடியாது. பிரச்சினை அவ்வளவுதான். வண்டி ஓட வேண்டும், அவர் வாய் திறக்க வேண்டும், கஞ்சி போக வேண்டும். வண்டி பார்க்கும் பெரியண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் மாதவராஜ். சொந்த வேன் வைத்து ஓட்டியவர். விடிவதற்குள் சுற்றுப்பட்ட ஊர்களில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட், மத்தியானத்துக்கு மேல் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ஆள் சவாரி. ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால், மார்க்கெட்டில் வண்டியின் கேரியர் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அப்புறம் மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயை எடுத்த பிறகும் பேச்சு இல்லை, அசைவு இல்லை. கண் திறந்திருக்கும். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: "கண்ணு முழிச்சிருக்கறது வேறம்மா, நெனவு இருக்கறது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க." நான் குழப்பிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர், அழுதுவிடு அன்பரசி, அழுதால் பாரம் குறையும் என்றார்கள். அழுகை என்ன, குழாய்த் தண்ணீரா, திறந்தால் வருவதற்கு? மூன்று மணிக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும். முதுகில் புண் வராமல் பவுடர் போட வேண்டும். துணி அலச வேண்டும். இதற்கு நடுவில் யார் உட்கார்ந்து அழுவது?

வண்டி, அவர் படுத்திருந்த அறை ஜன்னலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது. பக்கத்து வீட்டுத் தெரசாதான் ஒருநாள் சொன்னாள்: "அன்பு, வண்டிய அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வெக்கணுமாம். இல்லன்னா பேட்டரி போயிடுமாம்." சரி என்று சாவியை எடுத்துப் போய்த் திருப்பினேன். எனக்கு ஓட்டத் தெரியாது. திருப்பத் தெரியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து தெரசா போட்ட கூப்பாட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

அவருடைய வலது பாதம் அசைந்துகொண்டிருந்தது. கீழே அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. வாயும் திறந்தது. அதுவரை தாடையை அழுத்தித் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தவள் நான். கையில் கிடைத்த ராகிக் கஞ்சியைக் கரண்டியால் வைத்தேன். விழுங்கினார். அரைக் கிண்ணம் போயிற்று.

அன்றிலிருந்து ஒன்றே கால் வருடம், ஒருநாள் தவறாமல், காலை ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உள்ளே வருவேன். கால் அழுத்த ஆரம்பிக்கும், வாய் திறக்கும், நான் ஊட்டுவேன். பத்து நிமிடம். பிறகு போய் ஆஃப் பண்ணுவேன். மற்ற வேளைகளில் பழையபடி தாடையை அழுத்திச் சொட்டுச் சொட்டாகத்தான், மாத்திரைக்கு அது போதாது. டாக்டரிடம் இதைச் சொன்னதற்கு, சத்தத்துக்கு உடம்பு தானாக அசைவதுதான், அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்றார். நான் அர்த்தம் தேடும் ஆள் இல்லை. கஞ்சி போகிறதா, போகிறது.

எங்கள் மகள் கலைமதி ஓசூரில் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது அவர் தலைமாட்டில் மட்டும்தான். கட்டிலில் உட்கார்ந்துதான் பேசுவேன். போன தை மாதம் பேச்சு வாக்கில், "இப்படிக் கெடக்கறதுக்கு உங்கப்பா அன்னைக்கே பாலக்கோட்டுலயே போயிருக்கலாம்" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள். நான் போனை வைத்துவிட்டு விரிப்பை மாற்றினேன்.

பெரியண்ணன் மெக்கானிக். அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரமாகப் பட்டறை. இந்த வேன் வாங்கிய நாளிலிருந்து அவன் கைதான். பேர்தான் பெரியண்ணன், என்னைவிட ஏழு வயது சின்னவன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நான் தங்கச்சி ஆகிவிடுவேன் என்பதால் தம்பி என்றே கூப்பிடுவேன். வந்தவன் ஜன்னல் வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே வரவில்லை. நிறையப் பேர் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

"எத்தினி நாளா இப்படிங்க அண்ணி?"

"மூணு நாளா ஸ்டார்ட்டுல நிக்கவே மாட்டேங்குது தம்பி. அதுக்கு முன்னயே நாலஞ்சு மாசமா சத்தம் கம்முனு ஆயிட்டுத்தான் வந்துச்சு."

"ஓட்டுனா பிக்கப் இருந்துச்சா?"

"யாரு ஓட்டுனா? காலைல சாவியத் திருப்புவேன், பத்து நிமிசம் கழிச்சி ஆஃப் பண்ணுவேன்."

அவன் டயரைப் பார்த்தான். டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஸ்டார்ட் பண்ணி, என்னை சைலன்சர் வாயில் கையை வைக்கச் சொன்னான். வைத்தேன். காற்று வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குள் வண்டி அணைந்துவிட்டது.

"மூச்சு போவலீங்க அண்ணி. வெளிய போக வேண்டிய புகை உள்ளயே முட்டிக்கிட்டு நிக்குது." சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். இஞ்சினிலிருந்து வரும் குழாயில் ஒரு சின்ன சென்சாரை ஸ்பேனர் போட்டுக் கழற்றினான். அந்த ஓட்டை வழியாகப் புகை போகட்டும் என்று விட்டு, சீட்டில் ஏறி ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்தான். தகரக் கொட்டகை அதிர்ந்தது. மூன்று நாளாகச் செத்துக் கிடந்த வண்டி, லாரி மாதிரி இரைந்தது. அவன் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தான். அணையவில்லை.

"அன்பு!" உள்ளேயிருந்து தெரசா. "வண்டி ஓடுதே, கால் அசையலியே!"

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கால் அசையவில்லை. வாய் மூடியிருந்தது.

பெரியண்ணன் ஆஃப் பண்ணிவிட்டு இறங்கினான். இஞ்சினில் ஒரு குறையும் இல்லையாம். சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா இருக்கிறது, கன்வெர்ட்டர் என்று பேர். உள்ளே தேன்கூடு மாதிரி பொடி ஓட்டையாக இருக்கும். புகை அதற்குள் புகுந்து நஞ்சு குறைந்து வெளியே போகும். நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். வண்டி ரோட்டில் ஓடினால் சூடேறிப் படிந்த கரியெல்லாம் எரிந்துவிடும். நின்ற இடத்திலேயே பத்துப் பத்து நிமிடமாக ஓட்டினால் சூடும் ஏறாது, கரியும் போகாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து இப்போது முழுக்க மூடிக்கொண்டது.

"தெனமுமா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனீங்க? ரேஸ்கூடக் குடுக்காம?" அவனுக்கு நிஜமாகவே கோபம். "அண்ணன் ரயில்வே கேட்டுல ரெண்டு நிமிசம் நின்னாலே ஆஃப் பண்ணிடுவாருங்க. 'ஸ்டார்ட் பண்ணா ஓட்டு, இல்ல அணைச்சிப் போடு, நின்ன எடத்துல உறுமிக்கிட்டு நிக்கறதுக்கு வண்டி என்ன நாயா?'ம்பாரு. அவரு வண்டிக்கே இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்களே."

நான் வண்டி விஷயத்தில் ஏச்சு வாங்கியதே இல்லை. அது ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது. எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"புதுசு போடலாம், வெல ஜாஸ்தி. இல்லன்னா டப்பாவ அறுத்து உள்ள இருக்கறதத் தட்டிக் கொட்டிட்டு வெறும் டப்பாவா மாட்டிடலாம். நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. புகை டெஸ்ட்டுல நிக்காது, அவ்ளோதான்."

"கொட்டிட்டா சத்தம் மாறுமா?"

"மாறாம? இப்பக் கேட்டீங்களே, அது மாதிரிதான் இரையும்."

"அப்ப வேணாம். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியல."

அவனுக்கு நான் சொன்னது புரியவில்லை. நானும் விளக்கவில்லை. சத்தம் மாறக் கூடாது, பழைய சத்தமே வேண்டும் என்று மறுபடி சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். இன்னொரு வழி இருக்கிறது, நடக்கும் என்று உறுதி இல்லை, ஹைவேயில் போட்டு விரட்டிப் பார்க்கலாம் என்றான். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் டப்பா பழுக்கக் காயும், கரி எரிந்தாலும் எரியும்.

"நானும் வரேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒரு வேளை வண்டி பாதியில் நின்றால் தள்ள ஆள் வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். தெரசா, "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்கு என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதில் அவ்வளவு ஆசை.

பெரியண்ணன் சென்சாரைத் திரும்ப மாட்டினான். டயருக்குக் காற்று அடித்தான். ரேஸை மிதித்துப் பிடித்துக்கொண்டே, அணையவிடாமல் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தான்.

அந்த வண்டியில் எனக்கு எப்போதும் முன்சீட்டு கிடைத்ததில்லை. சவாரி ஆட்கள் உட்காருவார்கள், நான் பின்னால் தக்காளிப் பெட்டி வாசத்தில். இப்போது முன்னால் உட்கார்ந்து போனேன். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரியெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே எங்களைக் கடந்தன. டோல்கேட் வந்தது, போயிற்று. வெயிலில் மலை தெரிந்தது. பூக்கட்டுகிறவர்கள், இளநீர்க் கடை, பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் அப்படியே இருந்தன. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. துணி ஊறப்போட்டது மட்டும் ஞாபகம் வந்தது.

கணவாயில் இறங்கி, கீழே திரும்பி, ஏற ஆரம்பித்தோம். மூன்றாம் கியர். பெரியண்ணன் வலது காலால் ரேஸைத் தரையோடு மிதித்தான். வண்டி முனகியது. சீட்டுக்கு அடியில் அடுப்பு எரிகிற மாதிரி சூடு. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அவன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று வண்டியிடம் பேசினான். ஏறி முடித்து, மறுபடி இறங்கி, மறுபடி ஏறினோம். இரண்டாவது ஏற்றத்தில் பாதி போனபோது பின்னால் கரும்புகை ஒரு மூட்டை அளவுக்கு வெளியே வந்தது. அடுத்த வளைவில் வண்டி சடாரென்று முன்னால் இழுத்தது. நாற்பது, ஐம்பது. எங்களை ஏசிவிட்டுப் போன லாரி ஒன்றை நாங்கள் தாண்டினோம்.

"வுட்டுடுச்சுங்க அண்ணி!" அவன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "முழுசாப் போயிருக்காது. வாரம் ஒருக்கா இப்படி வெரட்டணும். ஆனா பழைய சத்தம் வந்துருச்சு பாருங்க."

ஆமாம், அது அவருடைய சத்தம்தான். விடியற்காலையில் கிளம்பும்போது தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

மேட்டில் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டுக் கேட்டான்: "சத்தம் மாறக்கூடாதுன்னு ஏன் அண்ணி அப்படி ஒத்தக்கால்ல நின்னீங்க?"

சொன்னேன். வண்டிச் சத்தம், கால் அசைவது, வாய் திறப்பது, கஞ்சி. மழை பெய்தது, துணி காயவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவன் தண்ணீர் பாட்டிலை மூடாமலே வைத்திருந்தான்.

"எந்தக் கால்?"

"வலது."

"எப்படி அசைப்பாரு?"

டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு.

"எப்பவும் ஒரே மாதிரியா?"

"மொதல்ல லேசாத்தான். இந்த நாலஞ்சு மாசமா பலமா அழுத்துவாரு. கட்டிலே ஆடும்."

அவன் வண்டியை எடுத்தான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. இவனும் பாவம் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டியைக் கொட்டகையில் பழைய இடத்தில் நிறுத்தி ஆஃப் பண்ணினான். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. "அண்ணி, நீங்க உள்ள போயி அண்ணங்கிட்ட நில்லுங்க. தெரசாக்கா, நீங்க ஜன்னல்ல நின்னுக்கோங்க. நான் ஸ்டார்ட் பண்றேன். கால் என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லுங்க." இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். ஆனால் கஞ்சி கொடுக்க நேரமாகியிருந்தது. தெரசா சூடாக்கி வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தோடு போய் நின்றேன்.

வண்டி ஓடியது. அதே சத்தம். நான் பாதத்தையே பார்த்தேன். இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அழுத்தியது. விட்டது. அழுத்தியது. வாய் திறந்தது. கரண்டியை எடுத்தேன்.

"அசையுதுப்பா!" என்றாள் தெரசா.

வெளியே வண்டி சத்தம் ஏறியது. அவன் ரேஸ் கொடுக்கிறான். ஏறி, ஒரே சீராக நின்றது. பாதம் நின்றுவிட்டது. வாய் மெதுவாக மூடியது. கரண்டி என் கையிலேயே இருந்தது.

"நின்னுடுச்சு!"

சத்தம் இறங்கியது. பாதம் அழுத்த ஆரம்பித்தது. வாய் திறந்தது. சத்தம் ஏறியது, பாதம் ஓய்ந்தது. மறுபடி இறங்கியது, மறுபடி அழுத்தியது. மூன்று தடவை. நான்காவது தடவை தெரசா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வண்டியை மெதுவாக ஓடவிட்டுவிட்டு பெரியண்ணன் ஜன்னலுக்கு வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, அண்ணன் ரேஸ் குடுக்கச் சொல்றாருங்க. வண்டி அடைக்குது, மிதின்னு சொல்றாரு. மொத நாள்ல இருந்தே அதத்தான் சொல்லிட்டு இருந்திருக்காரு." சொன்னவன் திரும்பிக்கொண்டான்.

நான் அவரைப் பார்த்தேன். ஒன்றே முக்கால் வருடம் தினமும் பார்த்த முகம். துடைத்திருக்கிறேன், சவரம் பண்ணியிருக்கிறேன், பார்க்கவில்லை. கண் என் மேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு அசைந்துகொண்டிருந்தது.

அந்த வாய் கஞ்சிக்குத் திறக்கவில்லை. சொல்வதற்குத் திறந்திருக்கிறது. ஒன்றே கால் வருடமாக ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு இந்த மனுஷன் என்னமோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் அதில் கரண்டியை வைத்து அடைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் தை மாதம் ஞாபகம் வந்தது. அதே கட்டில். அதே தலைமாடு. அவர் காதுக்கும் என் போனுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்குமா?

கிண்ணம் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. கஞ்சி என் புடவையெல்லாம் சூடாக இறங்கியது. சுட்டது. எனக்குச் சுட்டது. "அன்னைக்கு நான் கலைமதிகிட்ட..." என்று ஆரம்பித்தேன். "அது நான் சும்மா, வாய்க்கு வந்ததுங்க..." அதற்குமேல் வரவில்லை.

அவர் கண் நகரவில்லை. பாதம் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது. கட்டில் ஆடியது. வெளியே வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ரேஸ் குடுறா!" என்று நான் போட்ட சத்தத்தில் தெரசா பயந்துபோய்த் திரும்பினாள். "அவரு சொல்லிக்கிட்டே இருக்காரு, உனக்குக் காது கேக்கலியா? மிதிடா!"

பெரியண்ணன் ஓடினான். வண்டி இரைந்தது. பாதம் ஓய்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விழுந்த நாளிலிருந்து அழாததையெல்லாம் அழுதேன்.